சாக்குப் போர்த்திய மூன்று மூளைகள்

அப்பா ஒரு முடிவு எடுத்தார். எங்கள் வீட்டில் இது அபூர்வம். அம்மா எடுத்த முடிவைக் கொஞ்சம் உரக்கச் சொல்வதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு அவரே எடுத்துவிட்டார். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

"மலரு, இந்த வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வருது. சாதாரணக் கம்ப்யூட்டர் இல்ல. அடுத்த தலைமுறைக் கம்ப்யூட்டர்."

"இந்தத் தலைமுறைக்கே கூரை ஒழுகுது," என்றாள் அம்மா. "அந்தச் சட்டியை இப்படி நகத்தி வைங்க."

அப்பா சட்டியை நகர்த்தி வைத்தார். சொட்டு சரியாக உள்ளே விழுந்தது. பெரிய அறிவிப்புக்குப் பிறகு அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. என் பெயர் பூவிழி. எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டேன். ரிசல்ட் பீற்றிக்கொள்ளும்படியும் இல்லை, அழும்படியும் இல்லை. ஈப்போ பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. அப்பா நாகரத்தினம், ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஆலையில் வேலை செய்கிறார். பறித்து வந்த பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடி அவருடையது. அம்மா தவமலர், திரிங்காப்பில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டப் போகிறாள். விடியுமுன் வேன் வரும். சாயந்திரம் செவ்வந்தி வாசனையோடும் முதுகுவலியோடும் திரும்புவாள்.

தீபாவளி வந்தால் அப்பாவுக்கு பென்சன். அங்கேதான் சிக்கல். நாங்கள் இருப்பது தோட்டத்து லயத்து வீடு. வீட்டில் ஒருத்தராவது இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தால் வீடு நிற்கும். யாரும் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு மணியம் மாமா அப்படித்தான் இறங்கினார். அவர் போன மறு வாரமே வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அவர் படுத்த அறையில் உர மூட்டை படுத்திருக்கிறது. தினமும் பல் விளக்கும்போது எனக்கு அதுதான் தெரியும். அப்பாவுக்கும் அதுதான் தெரியும்.

அப்பாவின் திட்டம் இது. ஆலை ஆபீசில் கணக்குக் கிராணி வேலை ஒன்று வருகிறது. எந்தத் தேயிலை எத்தனை பெட்டி வந்தது, எத்தனை பெட்டி போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அதற்கு நான் போக வேண்டும். படிப்பை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் கம்ப்யூட்டர். வீடும் நிற்கும். நானும் நிற்பேன்.

"எனக்கு அந்த வேலை வேண்டாம்பா."

"வேண்டாம்னா வீடு?"

இதற்கு நான் என்ன சொல்வது? மழைதான் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் பதில் தெரியாதபோது மழை பேசும். அதனால் அது நிற்பதே இல்லை.

நல்லவேளை, அப்பாவிடம் ஒரு குறை உண்டு. அவர் அவசரமாக எதையும் வாங்க மாட்டார். எங்கள் வீட்டு மிக்சி வந்த கதை ஒரு பொதுத்தேர்தலைவிட நீளம். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் யூடியூப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்துவிட்டு, பெட்டி முக்கியமில்லை, உள்ளே இருக்கும் மூளைதான், அதாவது பிராசசர்தான் முக்கியம் என்று கண்டுபிடித்தார்.

"மூளையில மூணு ஜாதி இருக்கு மலரு."

"மனுசனுக்கே ஜாதி வேணாம்னு மைக்கப் பிடிச்சுப் பேசுவீங்க. இப்ப கம்ப்யூட்டருக்கா?"

"சரி, மூணு வகை. ஒண்ணு எக்ஸ்-எண்பத்தாறு. பழைய வம்சம். நாப்பது வருசத்துக்கு முந்திச் சொன்ன கட்டளையக்கூட மறக்காது. இன்னிக்கும் அப்படியே செய்யும். ஆனா கரண்டை நல்லாத் தின்னும், சூடாகும்."

"உங்க அக்கா."

"ரெண்டாவது ஆர்ம். ஹேண்ட்போன்ல எல்லாம் அதுதான். சின்னச் சின்னக் கட்டளை. கொஞ்சமாச் சாப்பிடும். சத்தமே போடாது. நாளெல்லாம் உழைக்கும்."

"நானு."

"மூணாவதுதான் புதுசு. ரிஸ்க்-ஃபைவ்."

"இருக்கிற ரிஸ்க் போதாதா?"

"கேளு லா. அதோட வரைபடம் யாருக்கும் சொந்தம் இல்ல. யாரு வேணும்னாலும் அதை வச்சு மூளை செய்யலாம். யாரும் வந்து இது என்னோடது, எறங்குன்னு சொல்ல முடியாது."

சட்டி நிரம்பிவிட்டது. அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் ஊற்றினாள்.

இப்படியே தேர்வு நீண்டது. காலையில் எக்ஸ்-எண்பத்தாறு ஜெயிக்கும். மத்தியானம் ஆர்ம் ஜெயிக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் வந்து உட்காரும். ரசம் ஊற்றும்போது அப்பா, "ஆனா அதுக்கு சாஃப்ட்வேர் அவ்வளவா இல்லையாம்," என்று பெருமூச்சு விடுவார். சொந்தத் தம்பிக்குப் பெண் அமையாத மாதிரி இருக்கும்.

"எதையாவது ஒண்ணை வாங்குங்கப்பா. டைப் பண்றவளுக்கு உள்ள என்ன இருந்தா என்ன?"

"அப்படிச் சொல்லாதே. இலையைத் தொட்டே நான் எந்த மலை இலைன்னு சொல்லுவேன். கையில பழகினாத்தான் தெரியும். நான் சோதிச்சுத்தான் எடுப்பேன்."

சோதனை என்றால் அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆலையில் தேயிலையை ருசி பார்க்கும் அறை. அங்கே கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். எது எந்த இலை என்று மேலே எழுதியிருக்காது. சீட்டு கோப்பைக்கு அடியில் இருக்கும். ருசி பார்க்கிறவர் உறிஞ்சுவார், வாயில் சுழற்றுவார், துப்புவார், தீர்ப்புச் சொல்வார். அதற்குப் பிறகுதான் கோப்பையைத் தூக்குவார்கள். ஆள் வராத நாட்களில் அந்தக் கோப்பைகளை அடுக்கியது அப்பாதான். அடுக்கி அடுக்கித் தானும் ஒரு ருசிகாரர் என்று நம்பிவிட்டார்.

"பேரு தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும் பூவிழி. அதனால மூணு கம்ப்யூட்டரையும் மூடி வைப்போம்."

ரிங்லெட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தர்மா அண்ணனிடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"தர்மா, மூணு வகையிலயும் ஒவ்வொண்ணு இரவல் கொடு. சாக்குப் போட்டு மூடிக் கட்டிடு. எது எதுன்னு எனக்கே தெரியக் கூடாது. சீட்டை அடியில ஒட்டிடு."

தர்மா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணே, ரிஸ்க்-ஃபைவ் இந்த மலையில…"

"கேட்டுப் பாரு. உன்னால முடியும்."

மறுநாள் சாயந்திரம் அம்மா வேனை விட்டு ரிங்லெட்டிலேயே இறங்கிவிட்டாள். மீன் வாங்கினேன் என்றாள். மீனும் வந்தது. அதற்கடுத்த நாள் தர்மா அண்ணனின் வேனில் மூன்று பெட்டிகளும் வந்தன. முன்னறையில் பெஞ்சு போட்டு வரிசையாக வைத்தோம். மணியம் மாமா வீட்டு உரச் சாக்குதான் போர்வை. மானிட்டர் ஒன்றே ஒன்று. மாற்றி மாற்றிச் சொருக வேண்டும். பார்க்கக் காரியம் நடக்கிற வீடு மாதிரி இருந்தது. என்ன காரியம் என்று சொல்ல மாட்டேன்.

நான் நாற்காலியை இழுத்தேன். அப்பா தடுத்துவிட்டார்.

"நீ வேணாம். உனக்குக் கை பழகிருச்சு. மெஷின் தப்புப் பண்ணினா உன் கையே அதைச் சரிக்கட்டிரும். ருசி பார்க்கிறவன் நாக்கு சுத்தமா இருக்கணும். ஒண்ணுமே தெரியாத கை வேணும்."

மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒன்றுமே தெரியாத கை யாருடையது? அப்பா மெதுவாகத் திரும்பினார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானா? எனக்குப் பூ கட்டத்தான் தெரியும்."

"அதான் வேணும்! உக்காரு."

"சோறு?"

"நான் வடிக்கிறேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். இவ்வளவு சுலபமாக வைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பட்டேனா? இல்லை. எனக்கு அப்போது என் கவலை.

சோதனைக்குக் கேள்வித்தாளும் அப்பாதான் தயாரித்தார். நான் போகப்போகிற ஆபீஸ் வேலையையே கேள்வியாக வைத்தார். தேயிலை ரகத்தின் பெயர், பெட்டி எண்ணிக்கை, தேதி, லோரி நம்பர், கடைசியில் கூட்டுத்தொகை. அம்மா இதை முதல் பெட்டியில் செய்ய வேண்டும். பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை.

நான் மோசமான வாத்தியார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, அது இல்ல. பக்கத்துல. இன்னும் பக்கத்துல. ஐயோ, எல்லாம் போச்சு!"

"போனது எங்க போச்சு?"

"எங்கயோ போச்சு."

"எங்கயோன்னா? திரும்ப எப்படிக் கூப்பிடுறது?"

அதையும் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த நாள் அவளாகவே கூப்பிட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில் அப்பா சோற்றை வடித்துவிட்டு வந்து ஒவ்வொரு சாக்கிலும் காதை வைப்பார். புறங்கையை வைப்பார். ஒருமுறை மூக்கையும் வைத்தார்.

"இதுதான் எக்ஸ்-எண்பத்தாறு. ஆலையில இலை உருட்டுற மெஷின் மாதிரி உறுமுது பாரு. இது ஆர்ம். தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு."

"ஜன்னல் பக்கத்துல வச்சிருக்கீங்க."

"மூணாவது… மூணாவதுல ஒரு அடக்கம் இருக்கு. நீ என்ன சொல்ற?"

அம்மா விரலைச் சொடக்கெடுத்துக்கொண்டே யோசிப்பாள்.

"ரெண்டாவது கொஞ்சம் கனமா இருக்குங்க. மூணாவது இன்னிக்கு எளசா இருந்துச்சு. நேத்து அப்படித் தெரியல. நாளைக்கு இன்னொரு தரம் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் வேலையை அம்மா மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சோறு வடிக்கும்போது பாட்டுக்கூட வந்தது. சோறு குழைந்திருந்தது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா குழைந்த சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் வீட்டில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று அர்த்தம்.

எனக்குப் பொறுமை போனது. ஒரு மத்தியானம், இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தபோது, மூன்று சாக்கையும் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

மூன்றும் ஒன்றே. ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே கீறல் விழுந்த ஒரே மாதிரிப் பெட்டி. ஏதோ பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஏலத்தில் எடுத்த கிழடுகள். மூன்றுமே எக்ஸ்-எண்பத்தாறு. அடியில் சீட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

சாயந்திரம் அம்மாவைச் சமையலறையில் பிடித்தேன்.

"அம்மா, தர்மா அண்ணன் ஏமாத்திட்டாரு. மூணும் ஒண்ணுதான்."

"தெரியும். மெதுவாப் பேசு."

"தெரியுமா?"

"நான்தான் சொன்னேன். அந்த மூணாவது சாமான் சீனாவுல இருந்து வரணுமாம். எதுக்கு அவனுக்கும் சிரமம்? கைவசம் இருக்கிறதுல மூணு குடுன்னேன்."

"எதுக்கு?"

அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள். அப்பா இன்னும் வரவில்லை. பனி மட்டும் வாசல்வரை வந்து நின்றது.

"உங்கப்பா தேடி முடிச்சா நீ அந்த ஆபீசுல போய் உக்காரணும். உக்கார்றியா?"

"மாட்டேன்."

"அப்ப நடுவுல ஒரு வரி விட்டுட்டா அதை எப்படிச் சொருகறது? அதைச் சொல்லு."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இழுத்தடிக்கிறாள். பாலிடெக்னிக்கில் பதிவு செய்யும் நாள்வரை அப்பாவைச் சாக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு, என்னை பஸ் ஏற்றிவிடுவாள். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு? தீபாவளிக்குப் பிறகு இந்தக் கதவையும் கழற்றுவார்கள். அம்மாவின் அடுப்படியில் உரம் படுக்கும். நான் ஈப்போவில் உட்கார்ந்து படிப்பேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஒரே ஒரு நிமிடம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

வரி சொருகுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு பெருமழை. ரிங்லெட் பக்கம் ரோட்டில் மண் சரிந்து பூத்தோட்டத்து வேன் வரவில்லை. அம்மா வீட்டில் இருந்தாள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் திருநீறு இருந்தது. அதனால் நான் நம்பினேன். கோயில் ஆலைக்குப் போகும் வழியில் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து, விபூதி பூசி, பெஞ்சுக்கு முன்னால் நின்றார்.

"தீர்ப்புச் சொல்லிடுறேன்."

"சொல்லுங்க," என்றாள் அம்மா. இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்லவில்லை.

அப்பா மூன்றாவது சாக்கின் மேல் கையை வைத்தார்.

"இதுதான். ரிஸ்க்-ஃபைவ். வேகம் கொஞ்சம் கம்மிதான். சாஃப்ட்வேரும் போகப்போகத்தான் வரும். இருக்கட்டும். எங்கப்பா இந்த வீட்டுல இருந்தாரு, நான் இருந்தேன். ஒரு ஆணி அடிக்கணும்னா ஆபீசைக் கேட்டோம். யாருக்கும் சொந்தமில்லாத ஒண்ணாவது இந்த வீட்டுல இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அம்மா அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டாள். எங்களுடையது கேஸ் அடுப்பு.

திங்கட்கிழமை அப்பா வேலை முடிந்ததும் பெரிய கிராணி லிங்கேஸ்வரனைப் பார்க்கப் போனார். மகள் தயார் என்று சொல்லத்தான். நனைந்துகொண்டே திரும்பி வந்தார். குடை கையில்தான் இருந்தது. விரிக்கவில்லை.

"மலரு."

"தேத்தண்ணி போடட்டுங்களா?"

"பெரிய கிராணி எனக்குக் கை கொடுத்தாரு."

"நல்லதுதானே."

"வேலைக்கு ஆள் எடுத்தாச்சாம். டெஸ்ட் வச்சாராம். ரகம், பெட்டி, தேதி, லோரி நம்பர், கூட்டுத்தொகை. ஒரு தப்பு இல்லையாம். நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சுன்னு சொன்னாராம், அந்த வரியச் சொருகிக் காட்டுனாங்களாம். யாரு சொல்லிக்கொடுத்தான்னு கேட்டாராம்."

"ஆமா. உங்க பேரைத்தான் சொன்னேன்," என்றாள் அம்மா.

அப்பா உட்கார்ந்தார். நாற்காலி இருந்ததால் நல்லதாகப் போயிற்று.

"அப்ப பூவிழி?"

"அவ ஈப்போ போறா."

"வீடு?"

"இருக்கும். அடுத்த மாசம் நான் ஆபீசுக்குப் போறேன். தவுக்கேகிட்ட சொல்லிட்டேன்."

"இந்த மூணு வாரமா நீ ருசி பார்த்தது…"

"நீங்க உக்காரச் சொன்னீங்க, உக்காந்தேன். தினமும் ஒரே பாடத்தை மூணு தடவை எழுத வச்சா கழுதைக்கும் வந்துரும்."

எனக்கும் அப்போதுதான் முழுசாக விளங்கியது. இழுத்தடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் என்னிடம். நானும் சம்பளமில்லாமல் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்பா எழுந்து பெஞ்சுக்குப் போனார். நான் 'வேண்டாம்பா' என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் முதல் சாக்கைத் தூக்கினார். இரண்டாவதைத் தூக்கினார். மூன்றாவதைத் தூக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அடியில் சீட்டைத் தேடினார். பிறகு மூன்று சாக்கையும் ஒழுங்காக மடித்து பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஜன்னல் பக்கத்துல இருந்ததாலதான் சில்லுன்னு இருந்திருக்கு," என்றார்.

கூரை ஒழுகியது. அம்மா தேத்தண்ணியைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். சீனி தூக்கலாகப் போட்டிருந்தாள். அது அவள் மன்னிப்புக் கேட்கும் முறை. அப்பா ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

"எப்படியோ, வீடு நின்னுச்சு. குடும்பத்தலைவன்னு நான் ஒரு திட்டம் போட்டேன், அது வேற வழியில நடந்திருக்கு. அவ்வளவுதான்."

"ஆமாங்க. பெரிய கிராணிகூட ஒண்ணு கேட்டாரு. வீட்டுல உன்னை நம்பி எத்தனை பேர் இருக்காங்கன்னு."

"என்ன சொன்ன?"

"ஒருத்தர்னு சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். கட்டிலின் மேல் பாதி நிரம்பிக் கிடந்த என் பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு நிம்மதி.

"சரிதானே. ஈப்போ போனா என்ன? படிச்சு முடிக்கிறவரைக்கும் பிள்ளை நம்மளை நம்பித்தான் இருக்கணும்."

"அவ இல்லீங்க," என்றாள் அம்மா.